ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம்: நட்சத்திர வரிசை ஏன் இப்படிக் கலைந்து கிடக்கிறது? ஆனி ஜம்ப் கேனனின் கதை

சூரியன் என்ன வகை நட்சத்திரம்னு தேடிப் பாருங்க, 'ஜி2' என்று வரும். சிரியஸ் 'ஏ' வகை. திருவாதிரை 'எம்' வகை. அதிக வெப்பத்தில் இருந்து குறைந்த வெப்பம் வரை எல்லா வகைகளையும் அடுக்கினால் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று போகும். இது ஆங்கில எழுத்து வரிசையும் இல்லை, எந்தப் பெயரின் சுருக்கமும் இல்லை. அப்போ இப்படி அடுக்கியது யார்?

அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் 40 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த ஆனி ஜம்ப் கேனன்தான்.

யார் இந்த ஆனி?

1863-ல் டெலவேர் மாகாணத்தின் டோவர் நகரில் பிறந்தவர். அப்பா கப்பல் கட்டும் தொழில் செய்தவர். நட்சத்திரக் கூட்டங்களை அடையாளம் காட்டிப் பழக்கியது அம்மா. வெல்லஸ்லி கல்லூரியில் இயற்பியல் படித்து 1884-ல் பட்டம் பெற்றார். இளம் வயதிலேயே காது கேட்கும் திறனைப் பெருமளவு இழந்தார். படிப்பு முடிந்து சுமார் பத்து ஆண்டுகள் வீட்டிலேயே இருந்தார். அம்மா இறந்த பிறகு மறுபடி கல்லூரிக்குத் திரும்பி, 1896-ல் ஹார்வர்டில் சேர்ந்தார்.

அங்கே இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங், வானத்தைப் படமெடுத்த கண்ணாடித் தட்டுகளை ஆராயப் பெண்களை வேலைக்கு வைத்திருந்தார். பலருக்கு ஆரம்பச் சம்பளம் மணிக்கு வெறும் 25 சென்ட்.

என்ன பிரச்சினை இருந்தது?

நட்சத்திர ஒளியை முப்பட்டகம் வழியாகப் பிரித்தால் நிறமாலை கிடைக்கும். அதில் குறுக்கே கருப்புக் கோடுகள் இருக்கும். அந்தக் கோடுகளை வைத்து நட்சத்திரங்களை எப்படிப் பிரிப்பது? இதற்கு ஹார்வர்டிலேயே இரண்டு முறைகள் இருந்தன.

வில்லியமினா ஃபிளெமிங் 1890-ல் 10,000-க்கும் மேற்பட்ட நட்சத்திரங்களுக்கு ஏ முதல் கியூ வரை எழுத்து கொடுத்திருந்தார். ஹைட்ரஜன் கோடு வலுவாக இருந்தால் 'ஏ'. முறை எளிது, ஆனா நுணுக்கம் போதாது. ஆன்டோனியா மோரி 1897-ல் 22 பிரிவுகளும், கோடுகளின் தன்மைக்கேற்ப உட்பிரிவுகளும் வகுத்தார். நுணுக்கம் அதிகம், ஆனா லட்சக்கணக்கான நட்சத்திரங்களுக்கு அதைப் பயன்படுத்துவது கஷ்டம்.

ஆனி என்ன செய்தார்?

தென் வானத்தின் பிரகாசமான 1,122 நட்சத்திரங்களை ஆராய்ந்து, 1901-ல் தன் முறையை வெளியிட்டார். புதுசா பெயர் எதுவும் வைக்கவில்லை. ஃபிளெமிங்கின் எழுத்துகளையே வைத்துக்கொண்டு, தேவையில்லாத பலவற்றை நீக்கினார். ஒரு வகையின் கோடுகள் அடுத்த வகைக்குப் படிப்படியாக மாறும்படி மீதியை வரிசை மாற்றினார். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த எழுத்துகளை மாற்றாமல் வரிசையை மட்டும் மாற்றியதால்தான் இன்றும் அது கலைந்த மாதிரித் தெரிகிறது.

ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் 0 முதல் 9 வரை உட்பிரிவு. முதலில் பெரிய வகை, அதற்குள் சின்ன வகை. சூரியன் 'ஜி', அதற்குள் 'ஜி2'. சொல் ஒன்றே, பொருளும் ஒன்றே. யார் பார்த்தாலும் ஒரே பதில் வர வேண்டும் என்பதுதான் நோக்கம்.

நிமிடத்துக்கு மூன்று நட்சத்திரம்

1911 முதல் 1915 வரை ஆனி வகைப்படுத்தியவை 2,25,300 நட்சத்திரங்கள். வேகம் கூடியபோது நிமிடத்துக்கு மூன்று. அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்வார். 1918 முதல் 1924 வரை ஒன்பது தொகுதிகளாக 'ஹென்றி டிரேப்பர் அட்டவணை' வந்தது. 1922-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் இந்த முறையை ஏற்றுக்கொண்டது.

வரிசையின் அர்த்தம் தெரிந்தது எப்போ?

ஆனி கோடுகளை மட்டுமே பார்த்து அடுக்கினார். அது ஏன் அப்படி அமைகிறது என்பதை விளக்கியவர் நம்ம மேக்நாத் சாஹா. 1920, 1921-ல் வந்த அவரது கட்டுரைகள் அது வெப்பநிலை வரிசை என்று காட்டின. மிக அதிக வெப்பத்தில் ஹைட்ரஜன் தன் எலெக்ட்ரானை இழக்கிறது, அதனால் அதன் கோடு மங்குகிறது. ஹைட்ரஜன் கோடு வலுவாக உள்ள 'ஏ' முதலில் வராததற்கு இதுதான் காரணம்.

1925-ல் சிசிலியா பெய்ன் இந்த இரண்டையும் இணைத்து, நட்சத்திரங்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான் என்ற முடிவுக்கு வந்தார்.

விட்டுப்போனது என்ன?

எளிமைக்கு ஒரு விலையும் இருந்தது. மெல்லிய, கூர்மையான கோடுகள் கொண்ட சில நட்சத்திரங்களை மோரி தனியாகப் பிரித்து 'சி' என்று குறித்திருந்தார். ஆனியின் முறையில் அதற்கு இடமில்லை. அவை மிகப் பிரகாசமான பெரிய நட்சத்திரங்கள் என்பதை எய்னார் ஹெர்ட்ஸ்ஸ்பிரங் கண்டுபிடித்தார். அந்தப் பிரிவைக் கைவிட்டது தவறு என்று பிக்கரிங்குக்குக் கடிதமும் எழுதினார். 1943-ல்தான் பிரகாசத்தைக் குறிக்கும் ரோமன் எண் மூன்றாவது படியாகச் சேர்ந்தது. ஆனியின் எழுத்தும் எண்ணும் அப்படியே இருந்தன.

அங்கீகாரம்?

1925-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஆனா சொந்த ஹார்வர்டில் முறையான வானியலாளர் பதவி கிடைத்தது 1938-ல், அவருக்கு 74 வயதானபோது. மொத்தம் சுமார் மூன்றரை லட்சம் நட்சத்திரங்களை வகைப்படுத்திய ஆனி, 1941-ல் காலமானார்.

பிறகு கண்டுபிடிக்கப்பட்ட குளிர்ந்த வகைகளுக்கு எல், டி, ஒய் என்ற எழுத்துகள் சேர்ந்திருக்கின்றன. பழைய ஏழும் மாறவில்லை. தன் நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு கோள் கடந்துபோவதை 1999-ல் முதன்முதலாகப் பார்த்தார்களே, அந்த நட்சத்திரத்தின் பெயர் 'எச்டி 209458'. இனி புதுக் கோள் பற்றிய செய்தியில் 'எச்டி' என்று பார்த்தால், அது ஹென்றி டிரேப்பர் அட்டவணை எண். ஆனியின் அட்டவணை அது.