ஒரு காசுச் செய்தித்தாள்

1935ஆம் ஆண்டு. வானொலிப் பெட்டி என்பது வசதி படைத்தவர் வீட்டுப் பொருள். துறைமுகத்திலும் இரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்த தமிழர்களுக்குச் செய்திகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே வந்து சேர்ந்தன. ஒருவர் சொன்னதை மற்றவர் கூட்டிச் சொல்வார். எது உண்மை, எது புரளி என்று பிரித்தறிவது எளிதாக இல்லை. கோலாலம்பூரிலிருந்து ‘தமிழ் நேசன்’ வெளிவந்துகொண்டிருந்தாலும், ஏழைத் தொழிலாளியின் கைக்கு எட்டும் இதழ் ஒன்று வேண்டும் என்று கோ. சாரங்கபாணி எண்ணினார். அந்த ஆண்டில் சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ வார இதழாகப் பிறந்தது. விலை ஒரு காசு!

சாரங்கபாணி 1903இல் திருவாரூரில் பிறந்தவர். 1924இல் சிங்கப்பூருக்கு வந்து கணக்கராக வேலை பார்த்தார். ‘முன்னேற்றம்’ என்னும் இதழின் ஆசிரியராக இருந்தபோதே, எழுத்தின் வலிமையை அறிந்திருந்தார். சாதி வேற்றுமை, மதுப்பழக்கம் ஆகியவற்றைச் சாடி எழுதியதால் அவருக்கு எதிர்ப்பும் இருந்தது. எல்லாருக்கும் பிடித்ததை மட்டும் எழுதியிருந்தால் இதழ் இன்னும் சுலபமாக விற்றிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை.

அக்காலத்தில் ஓர் இதழைப் பலர் பகிர்ந்து படித்தனர். எழுத்தறியாதவர்கள் படிக்கத் தெரிந்தவரைச் சுற்றி அமர்ந்து கேட்டனர். எனவே, ஒரு படி விற்றால் ஒரு வாசகர் என்று கணக்கிட முடியாது.

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் நின்றுபோன முரசு, போருக்குப் பின் மீண்டும் ஒலித்தது. மக்கள் அதன்மீது வைத்த நம்பிக்கை எவ்வளவு என்பது 1950களில் வெளிப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்று சாரங்கபாணி வாதிட்டார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதிக்கு முரசின் வழியே வேண்டுகோள் விடுத்தார். பல்கலைக்கழக வாசலையே பார்த்திராத தொழிலாளர்களும் தங்களால் இயன்ற பணத்தைக் கொடுத்தனர். அது பல்கலைக்கழகத்திற்குத் தமிழ் நூல்களைப் பெற்றுத் தந்தது.

குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுமாறு அவர் எழுதியபோதும் மக்கள் செவிசாய்த்தனர். ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்றே பல ஆண்டுகளாக நினைத்திருந்தவர்களுக்கு அது எளிய முடிவன்று. குடும்பத்தின் எதிர்காலத்தையே மாற்றும் முடிவு. ஆங்கிலப் படிவங்களைக் கண்டு தயங்கியவர்களுக்குத் தமிழில் எடுத்துரைக்கும் இதழ் துணையாக இருந்தது. ‘மாணவர் மணிமன்றம்’ என்னும் பகுதியில் உங்களைப் போன்ற இளையர்களின் எழுத்துக்கும் அவர் இடமளித்தார். பிற்காலத்தில் பெயர்பெற்ற எழுத்தாளர்கள் சிலர் அங்குதான் எழுதப் பழகினர்.

1963இல் அவருக்குப் பெரும் சோதனை வந்தது. தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்தவரின் அலுவலகத்திலேயே வேலைநிறுத்தம்! இதழ் பல மாதங்கள் வெளிவரவில்லை. அதற்குள் வாசகர்கள் வேறு இதழ்களை நாடியிருக்கலாம். ஆயினும், முரசு மீண்டும் வெளிவந்தது. வாங்கிப் படிக்க மக்களும் இருந்தனர்.

‘தமிழவேள்’ என்று போற்றப்பட்ட சாரங்கபாணி 1974இல் மறைந்தார். அவர் தொடங்கிய நாளிதழ் இன்றும் சிங்கப்பூரில் வெளிவருகிறது.