தனிமங்களின் இருப்பிடத்தைக் கண்டு சொன்ன விக்டர் கோல்ட்ஷ்மிட்

பூமியில் உள்ள தங்கத்தில் 99.999 விழுக்காட்டுக்கும் மேல் நம் கைக்கு எட்டாது. அது தரைக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் மையக்கருவில், இரும்போடு கலந்து கிடக்கிறது. நகைக்கடையில் நாம் பார்ப்பது மேலே தங்கிய துளி மட்டுமே.

கீழே போனது மேலே வரவே வராது என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. 2025-ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் கருத்தைத் திருத்தும் சான்று ஒன்றை 'நேச்சர்' ஆய்விதழில் வெளியிட்டனர். ஹவாய்த் தீவுகளின் எரிமலைப் பாறைகளில் ருத்தேனியம் என்ற உலோகத்தை அவர்கள் அளந்தார்கள். மையக்கருவில் உள்ள ருத்தேனியத்துக்கும் அதன் மேலுள்ள பாறை அடுக்கில் உள்ள ருத்தேனியத்துக்கும் மிக நுண்ணிய வேறுபாடு உண்டு. ஹவாய்ப் பாறையில் இருந்தது மையக்கருவின் அடையாளம். அதாவது, தங்கமும் ருத்தேனியமும் சிறிதளவு மேலே கசிந்து வருகின்றன.

தங்கம் ஏன் முதலில் கீழே போனது என்ற கேள்விக்கு நூறாண்டுகளுக்கு முன்பே விடை சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் ஆறாண்டு காலம் பணியாற்றிய இடமும் இதே கோட்டிங்கன்தான். யூதர் என்பதால் அந்த ஊரை விட்டு வெளியேற நேர்ந்த அவருடைய பெயர் விக்டர் மோரிட்ஸ் கோல்ட்ஷ்மிட். ஜெர்மன் மொழியில் கோல்ட்ஷ்மிட் என்றால் பொற்கொல்லர் என்று பொருள்.

26 வயதில் பேராசிரியர்

கோல்ட்ஷ்மிட் 1888-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தந்தை ஹைன்ரிஷ் கோல்ட்ஷ்மிட் வேதியியல் அறிஞர். தம்மோடு பணியாற்றிய புகழ்பெற்ற வேதியியலாளர் விக்டர் மேயரின் பெயரையே மகனுக்குச் சூட்டினார்.

தந்தைக்கு வேலை கிடைத்த ஊர்களெல்லாம் மகனுக்கும் ஊராயின. 1901-ஆம் ஆண்டு தந்தை நோர்வே நாட்டின் தலைநகரில் பேராசிரியரானார். அப்போது அந்நகரின் பெயர் கிறிஸ்டியானியா, இன்று ஓஸ்லோ. நான்கு ஆண்டுகளில் குடும்பம் நோர்வே குடியுரிமை பெற்றது.

மகன் அங்கே புவியியல் அறிஞர் பிரோகரிடம் பயின்றார். ஓஸ்லோ வட்டாரத்தில் கொதிக்கும் பாறைக் குழம்பு பக்கத்துப் பாறைகளைச் சுட்டு எப்படி மாற்றியது என்பதே அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. 1911-ஆம் ஆண்டு, 23 வயதில் பட்டம் பெற்றார். 1914-ஆம் ஆண்டு, 26 வயதிலேயே பேராசிரியர் ஆனார்.

போர் திறந்துவிட்ட வழி

முதல் உலகப் போரில் நோர்வே நடுநிலை வகித்தது. ஆனாலும் கடல் வழி தடைபட்டதால் வெளிநாட்டுப் பொருட்கள் வரத்து குறைந்தது. உள்நாட்டிலேயே மூலப்பொருட்களைத் தேட அரசாங்கம் 1917-ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, அதன் பொறுப்பைக் கோல்ட்ஷ்மிட்டிடம் கொடுத்தது.

நோர்வேயில் ஒலிவைன் என்ற பச்சை நிறக் கனிமம் மலை மலையாகக் கிடந்தது. கடும் வெப்பத்தைத் தாங்கும் உலைக் கற்களை அதிலிருந்து செய்யலாம் என்று அவர் காட்டினார். ஒரு தொழிலே அதிலிருந்து பிறந்தது.

எந்தப் பொருள் எங்கே கிடைக்கும் என்று தேடப் போனவருக்கு, அது ஏன் அங்கே கிடைக்கிறது என்ற அடுத்த கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விதான் அவருடைய வாழ்நாள் வேலையானது.

நான்கு குடும்பங்கள்

பூமியைப் பிளந்து பார்க்க முடியாது. அதனால் கோல்ட்ஷ்மிட் விண்கற்களைப் பார்த்தார். சில விண்கற்களில் இரும்பு தனியாக, கந்தகக் கனிமம் தனியாக, பாறைக் கனிமம் தனியாகப் பிரிந்து கிடந்தன. இரும்பாலைகளின் உலைகளிலும் அதே பிரிவினை நடந்தது. உருகிய இரும்பு அடியில் தங்க, கசடு மேலே மிதந்தது. பூமியும் ஒரு காலத்தில் உருகிக் கிடந்தபோது இப்படித்தான் பிரிந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

அந்த அடிப்படையில் 1920-களின் தொடக்கத்தில் அவர் தனிமங்களை நான்காக வகுத்தார். தங்கம், பிளாட்டினம், ருத்தேனியம், நிக்கல் போன்றவை இரும்பை நாடுபவை. செம்பு, காரீயம், துத்தநாகம் போன்றவை கந்தகத்தை நாடுபவை. சோடியம், கால்சியம், அலுமினியம் போன்றவை பாறையை நாடுபவை. நைட்ரஜன், ஆர்கான் போன்றவை காற்றில் தங்குபவை. இரும்பு மையக்கருவுக்கு இறங்கியபோது, அதை நாடும் தங்கமும் கூடவே போய்விட்டது.

அடுத்து, அணுக்களின் அளவை எடுத்துக்கொண்டார். படிகங்களை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்து, மின்னூட்டம் பெற்ற அணுக்களின் பருமனை 1926-ஆம் ஆண்டு அட்டவணையாக வெளியிட்டார். ஒரு படிகத்தின் கட்டமைப்புக்குள் பொருந்தும் அளவுள்ள அணு உள்ளே இடம் பிடிக்கும். பொருந்தாதது, பாறைக் குழம்பு ஆறி இறுகும்போது கடைசிக் குழம்பில் தேங்கி, ஓரிடத்தில் சேரும்.

இந்த விதியின் பயன் நம் நாட்டிலும் தெரியும். பேராக் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயக்குட்டைகள் தோன்றக் காரணம் அங்குள்ள கருங்கல் மலைகள். சாதாரணக் கனிமங்களுக்குள் எளிதில் இடம் கிடைக்காத வெள்ளீயம் அந்தக் கருங்கல் குழம்பின் கடைசிக் கட்டத்தில் திரண்டது. ஈயம் கழுவியபின் எஞ்சும் 'அமாங்' மணலில் அரிய மண் தனிமங்கள் இருப்பதற்கும் காரணம் ஏறக்குறைய இதுவே.

குவாந்தான் அருகே கெபேங்கில் பிரித்தெடுக்கப்படுவதாக நாம் செய்தியில் படிக்கும் அந்த அரிய மண் தனிமங்களையும் கோல்ட்ஷ்மிட் விட்டுவைக்கவில்லை. அந்த வரிசையில் எடை கூடக் கூட அணுவின் அளவு மட்டும் சிறிது சிறிதாகச் சுருங்குவதை 1925-ஆம் ஆண்டு கண்டறிந்து, அதற்கு லாந்தனைடு சுருக்கம் என்று பெயரிட்டவர் அவர்தான். வேதியியல் மாணவர்கள் இன்றும் அதே பெயரில் படிக்கிறார்கள்.

கோட்டிங்கனில் ஒரு பலகை

1929-ஆம் ஆண்டு கோட்டிங்கன் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. பாறை, மண், நிலக்கரிச் சாம்பல், விண்கல் என்று கையில் கிடைத்தவற்றையெல்லாம் அவருடைய ஆய்வுக்கூடம் அலசியது. நிலக்கரிச் சாம்பலில் ஜெர்மானியம் போன்ற அரிய தனிமங்கள் சேர்ந்திருப்பதும் அங்கே வெளிப்பட்டது.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதப் பேராசிரியர்கள் பலர் வேலை இழந்தனர். கோல்ட்ஷ்மிட் இரண்டாண்டு தாக்குப்பிடித்தார். 1935-ஆம் ஆண்டு, யூதர்களுக்கு இங்கே இடமில்லை என்ற கருத்தில் ஊரில் ஒரு பலகை வைக்கப்பட்டது. அவர் உடனே பதவி விலகினார். முதிய தந்தையை அழைத்துக்கொண்டு ஓஸ்லோ திரும்பினார்.

அங்கே வேலையை நிறுத்தவில்லை. பிரபஞ்சத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியலை 1938-ஆம் ஆண்டு வெளியிட்டார். அணுக்கருவின் அமைப்பை விளக்கிப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மரியா கெப்பர்ட் மேயருக்கு அந்தப் பட்டியல் பெரிதும் பயன்பட்டது.

கப்பல் துறையில் தப்பிய உயிர்

1940-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜெர்மன் படை நோர்வேயில் நுழைந்தது. கோல்ட்ஷ்மிட் சயனைடு நச்சுக்குப்பி ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளத் தொடங்கினார். தமக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்ட சக பேராசிரியரிடம், இது வேதியியல் பேராசிரியர்களுக்கு மட்டும், இயந்திரவியல் பேராசிரியரான நீங்கள் கயிற்றைத்தான் நாட வேண்டும் என்று அவர் சொன்னதாகக் கூறப்படுவதுண்டு. அந்த நாளிலும் கேலி அவரை விட்டுப் போகவில்லை.

1942-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் தேதி நோர்வேயின் யூத ஆண்கள் கைது செய்யப்பட்டனர். அவரும் பெர்க் தடுப்பு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். உடல்நலம் கெட்டதால் விடுவிக்கப்பட்டு, மீண்டும் பிடிக்கப்பட்டார். நவம்பர் 26-ஆம் தேதி ஓஸ்லோ துறைமுகத்தில் 'டோனாவ்' என்ற கப்பல் காத்திருந்தது. ஏற வேண்டியவர்களில் ஒருவராக அவர் நின்றபோது, கடைசி நேரத்தில் பிரித்தெடுக்கப்பட்டார். கனிமம் தேடும் வேலைக்கு அவருடைய அறிவு தேவை என்பதே காரணம்.

அந்தக் கப்பலில் குழந்தைகள், முதியவர்கள் உட்பட 500-க்கும் அதிகமானோர் ஏற்றப்பட்டு ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டனர். உயிரோடு திரும்பியவர்கள் மிகச் சிலரே. நாஜிகளின் கணக்கில் கோல்ட்ஷ்மிட்டுக்கும் அவர்களுக்கும் இருந்த ஒரே வேறுபாடு, அவருடைய படிப்பு தங்களுக்குப் பயன்படும் என்பதுதான்.

அந்தப் பயனை அவர் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அடுத்த மாதமே எல்லை கடந்து சுவீடனுக்குத் தப்பினார். 1943-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அங்கிருந்து விமானத்தில் பிரிட்டன் சேர்ந்தார்.

மண்ணில் முடிந்த பயணம்

பிரிட்டனில் அவருக்கு இடம் கொடுத்தவை இரண்டு வேளாண் ஆய்வு நிலையங்கள். முதலில் ஸ்காட்லாந்தின் அபெர்டீன் நகரில் உள்ள மெக்காலே மண் ஆய்வுக் கழகம். பிறகு இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட். பயிருக்கு வேண்டிய நுண்சத்துகள் பாறையிலிருந்து மண்ணுக்கு எப்படி வந்து சேர்கின்றன என்பது அவருக்குப் பழகிய கேள்விதான். ஆனால் சிறையும் அலைச்சலும் இதயத்தைப் பலவீனப்படுத்தியிருந்தன.

1946-ஆம் ஆண்டு ஓஸ்லோ திரும்பினார். மறு ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி காலமானார். வயது 59. திருமணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய சாம்பல், அவர் தொழிலாக மாற்றிக் காட்டிய பச்சை ஒலிவைன் பாறையில் குடைந்த கலயத்தில் வைக்கப்பட்டது.

முடிக்காமல் விட்டுப்போன பெரிய நூலை, அலெக்ஸ் மியூர் பதிப்பித்து முடித்தார். 'புவி வேதியியல்' என்ற அந்த நூல் 1954-ஆம் ஆண்டு வெளிவந்தது. 1972 முதல் அவர் பெயரில் விருது வழங்கப்படுகிறது. அவருடைய நூற்றாண்டான 1988-இல் தொடங்கிய கோல்ட்ஷ்மிட் மாநாடு இன்று உலகப் புவி வேதியியலாளர்களின் மிகப் பெரிய ஆண்டுக் கூட்டமாக வளர்ந்துள்ளது. 2025-ஆம் ஆண்டு ஜூலையில் செக் நாட்டின் பிராக் நகரில் அது கூடியது.

ஹவாயில் அளக்கப்பட்ட ருத்தேனியம், அவர் வகுத்த பட்டியலில் இரும்பை நாடும் குடும்பத்தைச் சேர்ந்தது. அது கொஞ்சம் மேலேயும் வரும் என்று இப்போது காட்டியிருப்பது, அவர் 1935-இல் விட்டு வந்த அதே பல்கலைக்கழகம்.