பல்வங்கர் பாலு: பந்து வாங்கிய கை, குவளை மறுக்கப்பட்ட கை

நம் தஞ்சை டெல்டாவின் தேநீர்க்கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததை நாம் அறிவோம். அதே தீண்டாமையைக் கிரிக்கெட் களத்தில் சந்தித்தவர் பல்வங்கர் பாலு.

1876-ல் தார்வாரில் தலித் குடும்பத்தில் பிறந்தார். புனேயில் ஆங்கிலேயர் கிளப்பில் மாதம் 4 ரூபாய்க்கு மைதானத்தைப் பராமரித்தபடியே, வலைப்பயிற்சியில் பந்துவீசித் தேர்ந்தார். அவரது சுழற்பந்துக்காக இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் இடைவேளையில் சக வீரர்களோடு அமர முடியாது. வெளியே, மண்குவளையில்தான் தேநீர்.

1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். இருந்தும் அணித்தலைமை அவருக்குத் தரப்படவில்லை. 1923-ல் தம்பி விட்டலே கேப்டனானார். 1955-ல் பாலு மறைந்தார்.

தொழுகை ஸஃபில் தோளோடு தோள் நிற்கும் நாம், பள்ளிவாசலைத் தாண்டியதும் வயலிலும் தேநீர்க்கடையிலும் அப்படியே நிற்கிறோமா?