ஏழைப் பாணனுக்குத் தேர் தந்த நல்லியக்கோடன்

மரக்காணம் என்றதும் உப்பளம்தான் நினைவுக்கு வரும். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல்.

சங்க காலத்தில் இந்தக் கரையில் எயிற்பட்டினம் என்ற ஊர் இருந்தது. இன்றைய மரக்காணம் பகுதியே அது என்பது அறிஞர்கள் கருத்து. அதை ஆண்டவன் நல்லியக்கோடன்.

யார் இவன்?

சேர, சோழ, பாண்டியரைப் போல இவன் பேரரசன் அல்ல. ஓய்மாநாடு என்ற சிறு நாட்டின் தலைவன். திண்டிவனத்தை அடுத்த கிடங்கில்தான் இவனது தலைநகர். இவன் பிறந்த குடிக்கு ஓவியர் குடி என்று பெயர்.

ஓவியர் குடியில் பிறந்தவனைச் சொல்லாலேயே ஓவியமாகத் தீட்டினார் ஒரு புலவர். மரக்காணத்துக்கு வடக்கே உள்ள இடைக்கழிநாட்டைச் சேர்ந்தவர். பெயர் நத்தத்தனார். அவர் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது.

அயர்லாந்தில் பர்ட்டன் என்ற ஓவியர் 1841-ல் ஒரு படம் வரைந்தார். கடலில் மூழ்கி இறந்த பிள்ளையைச் சுற்றி மீனவர் குடும்பம் கதறும் காட்சி அது. அந்த நாட்டு ஏழைகளின் வீடும் உடையும் எப்படி இருந்தன என்பதை அந்தப் படத்தில் பார்க்கலாம். நத்தத்தனார் பாட்டிலும் நம் முன்னோரின் வாழ்க்கையை அப்படியே பார்க்கலாம்.

உப்பில்லாத கீரை

பாணர்கள் யாழ் மீட்டிப் பாடிப் பிழைத்தவர்கள். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், எதிரே வரும் பாணனிடம் தன் பழைய வறுமையைச் சொல்கிறான்.

சமையல் அறையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் பால் குடிக்க முட்டுகின்றன. தாயிடம் பால் இல்லை. வலி பொறுக்காமல் அது குரைக்கிறது. சுவரில் கறையான், தரையில் காளான். பாணன் மனைவி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். போட உப்பு இல்லை. அப்படியே வேக வைக்கிறாள். ஊரார் பார்த்துவிட்டால் ஏளனம் செய்வார்களே! கதவைச் சாத்திக்கொண்டு குடும்பத்தோடு உண்கிறாள்.

அதே பாட்டில் உப்பு வணிகர்களும் வருகிறார்கள். பாண்டியனின் கொற்கைப் பக்கம் அவர்கள் வண்டியோடு ஒரு பெண் குரங்கும் போகிறது. கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டு, வணிகரின் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. ஒரு பக்கம் முத்தே விளையாட்டுப் பொருள்! மறு பக்கம் கீரைக்கு உப்பு இல்லை!

வழியெல்லாம் விருந்து

நல்லியக்கோடன் நாட்டுக்குள் வந்துவிட்டால் பசி இல்லை. எயிற்பட்டினத்தில் கடல் அலை ஒதுக்கிய மணக்கும் கட்டைகள், ஒட்டகம் படுத்தது போலக் கிடக்கின்றன. அதை விறகாக்கி நுளைப் பெண் கள் காய்ச்சுகிறாள். அதோடு சுட்ட மீனும் கிடைக்கும். வேலூரில் வேட்டுவர் வீட்டில் புளிச்சோறும் காட்டுப் பசுவின் இறைச்சியும் உண்டு. ஆமூரில் உழவர் வீட்டில் வெள்ளை அரிசிச் சோறும் நண்டுக் கறியும் தருவார்கள்.

அரண்மனை வாசலில் புலவர்க்கும் பொருநர்க்கும் அந்தணர்க்கும் தடை இல்லை. முதலில் புதிய உடை. பிறகு விருந்து. பீமன் எழுதியதாகச் சொல்லப்படும் சமையல் நூலின்படி ஆக்கிய உணவைப் பொற்கலத்தில் இட்டு, மன்னனே அருகில் நின்று உண்ணச் செய்வான்! பின்னர்ப் பொருளும், குதிரையையும் மிஞ்சி ஓடும் காளை பூட்டிய தேரும், ஓட்டுவதற்குப் பாகனும் தருவான். எல்லாம் அன்றைக்கே. நாளை வா என்ற பேச்சே கிடையாது.

பாரி, பேகன், காரி முதலிய ஏழு வள்ளல்களும் சேர்ந்து சுமந்த ஈகைப் பாரத்தை இவன் ஒருவனே சுமந்தான் என்று புலவர் புகழ்கிறார். புறநானூற்றிலும் இவனைப் பற்றிப் பாட்டு உண்டு.

ஏட்டில் கிடந்த இந்தப் பாட்டு பத்துப்பாட்டில் ஒன்று. 1889-ல் உ. வே. சாமிநாதையர் அதை அச்சில் கொண்டு வந்தார்.

நல்லியக்கோடனின் அரண்மனை இன்று இல்லை. அவனது பெயர் நிற்கிறது. பசியைவிட, பசியைப் பிறர் பார்த்துச் சிரிப்பது கொடியது. வந்தவனைக் காக்க வைக்காமல், பக்கத்தில் நின்று உபசரித்த மன்னன் இதை நன்றாக அறிந்திருந்தான்.