சுருள்வில்லுக்குப் பின்னால் ஒரு மனிதர்



முதலாண்டு இயற்பியலில் எஸ்.எச்.எம். என்று சொன்னாலே நம்மில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். மீள்விசைக்கு முன்னால் நிற்கும் அந்த மைனஸ் குறியைப் பார்த்து மிரளாதவர் உண்டா? அந்தச் சமன்பாட்டின் சொந்தக்காரரைப் பற்றித் தேடிப் படித்தேன். சூத்திரத்தை விட அவர் கதைதான் என்னை அதிகம் உலுக்கியது. அவர் பெயர் ராபர்ட் ஹூக்.

1635 ஜூலை 18 அன்று இங்கிலாந்தின் வைட் தீவில் பிறந்தார். தந்தை தேவாலயப் பணியாளர். நோஞ்சான் பிள்ளை. ஆனால் கை சும்மா இருக்காது. கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்து மரத்திலேயே இன்னொன்று செய்யும் ரகம். பதின்மூன்று வயதில் தந்தை இறந்தார். லண்டனுக்கு வந்து பள்ளிப் படிப்பு, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு. அங்கே பணக்கார விஞ்ஞானி ராபர்ட் பாயிலுக்கு உதவியாளர் ஆனார். பாயில் விதி என்று நாம் படிக்கிறோமே, அந்தச் சோதனைகளுக்கான காற்றுப் பம்பைச் செய்து கொடுத்தது ஹூக்கின் கைதான்!

1662-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் சோதனைப் பொறுப்பாளர் வேலை. வாரா வாரம் கூட்டத்தில் புதுச் சோதனை செய்து காட்ட வேண்டும். சம்பளமோ ஒழுங்காக வராது. 1665-ல் நுண்ணோக்கியில் தான் பார்த்ததை எல்லாம் வரைந்து 'மைக்ரோகிராஃபியா' என்ற நூலை வெளியிட்டார். உயிரியலில் 'செல்' என்ற சொல்லைத் தந்தது அந்த நூல்தான். 1666-ல் லண்டன் தீப்பற்றி எரிந்தபோது, நகரைத் திரும்பக் கட்ட நிலம் அளந்த சர்வேயர்களில் அவரும் ஒருவர். நம்ம சிவில் நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்!

இனி நம் விஷயத்துக்கு வருவோம். 1676-ல் தன் ஸ்பிரிங் விதியை 14 லத்தீன் எழுத்துகளாகக் கலைத்து, அகர வரிசையில் அடுக்கி, ஒரு புதிராக அச்சிட்டார். கண்டுபிடிப்பை யாரும் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாதே என்ற பயம். 1678-ல் விடையை வெளியிட்டார்: எவ்வளவு நீட்டுகிறோமோ, அதற்கேற்ற விசையில் ஸ்பிரிங் திரும்ப இழுக்கும். மைனஸ் குறிக்கு அர்த்தம் இவ்வளவுதான். நாம் இந்தப் பக்கம் இழுத்தால் அது அந்தப் பக்கம் இழுக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஸ்பிரிங்கில் 2 கிலோ எடையைத் தொங்கவிட்டால் 5 செ.மீ. நீள்கிறது. அலைவு நேரம் என்ன? புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்தால் விசை 20 நியூட்டன். அதை 0.05 மீட்டரால் வகுத்தால் ஸ்பிரிங் மாறிலி 400. நிறை 2-ஐ 400-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் பெருக்கினால் சுமார் 0.44 வினாடி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீட்சி 0.05-ஐப் புவியீர்ப்பு முடுக்கம் 10-ஆல் வகுத்து அதே மாதிரி செய்யுங்கள். அதே விடைதான்! எடை தெரியாவிட்டாலும் ஒரு ஸ்கேல் போதும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அதிகம் இழுத்து விட்டாலும், கொஞ்சம் இழுத்து விட்டாலும் அலைவு நேரம் மாறாது. தூரம் கூடினால் இழுக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறதே! ஹூக் இதையும் கண்டுகொண்டார். கைக்கடிகாரம் சரியாக ஓடுவதன் ரகசியமே இதுதான். ஆனால் 1675-ல் சுருள் ஸ்பிரிங் வைத்த கடிகாரத்தை ஹாலந்துக்காரர் ஹைகன்ஸ் அறிவித்துவிட்டார். எனக்குத்தான் முதலில் தோன்றியது என்று ஹூக் வாதாடினார், எடுபடவில்லை. பிறகு ஈர்ப்பு விசை விஷயத்தில் நியூட்டனோடும் சண்டை. ஹூக் சற்று முன்கோபி. யாரையும் எளிதில் நம்ப மாட்டார். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

1703 மார்ச் 3 அன்று இறந்தார். அதே ஆண்டு நியூட்டன் ராயல் சொசைட்டியின் தலைவரானார். ஹூக்கின் முகம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல ஒரு படம்கூட இன்று இல்லை. அவர் கல்லறை எது என்றும் தெரியாது. ஆனால் 2006-ல் இங்கிலாந்தில் ஒரு வீட்டு அலமாரியில் அவர் கைப்பட எழுதிய 500 பக்கங்களுக்கு மேற்பட்ட குறிப்புகள் கிடைத்தன. கடிகார ஸ்பிரிங் யோசனை 1670-லேயே அவரிடம் இருந்தது என்பதற்கு அதில் சான்று இருந்தது. முந்நூறு ஆண்டு கழித்து அவர் பக்கம் ஒரு சாட்சி!

நண்பர்களே, இனி லேபில் ஸ்பிரிங்கை மாட்டும்போது ரீடிங் எடுப்பதோடு நிறுத்தாமல், ஒரு தடவை இழுத்து விட்டுப் பாருங்கள். முகம் தெரியாத அந்த மனிதரின் கையெழுத்து அங்கே மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும்.