முதுமையைப் போற்றிய ஓவியர்

ஐரோப்பிய ஓவியர்களுள் பெரும்புகழ் பெற்றவர் ரெம்பிராண்ட். இவர் நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரில் 1606-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் ஆலை நடத்தியவர். பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டும், ரெம்பிராண்டின் உள்ளம் ஓவியத்தையே நாடியது.

இருபத்து நான்கு வயதளவிலேயே அவர் முதியோரின் முகங்களை ஆழ்ந்து நோக்கினார். நரைத்த தாடியும் சுருங்கிய நெற்றியும் தளர்ந்த இமைகளும் அவருடைய சிறிய அச்சோவியங்களில் இடம்பெற்றன. பெயர் அறியப்படாத முதியவர்களையும் அவர் மதிப்புடன் வரைந்தார்.

அவ்வோவியங்கள் உருவாகும் முறை நுட்பமானது. செப்புத் தகட்டின்மேல் மெழுகு கலந்த பூச்சினை இட்டு, அதன்மீது ஊசியால் கோடுகள் வரைவர். பின்னர்த் தகட்டை அமிலத்தில் அமிழ்த்துவர். பூச்சு நீங்கிய கோடுகளை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். அப்பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால், ஓவியம் இடவலமாக மாறிப் பதியும். கோடுகளை நெருக்கியும் விலக்கியும் வரைந்து, ஒரே கருநிற மையினால் ஒளியையும் நிழலையும் ரெம்பிராண்ட் தோற்றுவித்தார். இம்முறையில் அவர் படைத்தவை ஏறத்தாழ 300 ஆகும்.

ஆம்ஸ்டர்டாம் நகரில் அவர் செல்வமும் புகழும் எய்தினார். எனினும், 1642-இல் மனைவி சாஸ்கியா மறைந்தார். 1656-இல் கடன் மிகுந்து ரெம்பிராண்ட் நொடித்துப் போனார். அவர் திரட்டிய கலைப்பொருள்களும், பின்னர் வீடும் விற்கப்பட்டன. அத்துன்ப ஆண்டிலும் அவர் கை ஓயவில்லை. யான் லுட்மா என்னும் முதிய பொற்கொல்லரை, அவர்தம் சுத்தியலுடனும் வெள்ளிக் கிண்ணத்துடனும் செப்புத் தகட்டில் வரைந்தார்.

நம் நாட்டுக் கலையையும் ரெம்பிராண்ட் விரும்பினார். முகலாயச் சிற்றோவியங்கள் பலவற்றைப் பார்த்து வரைந்தார். அவற்றுள் ஒன்றில் முதியவர் நால்வர் மரத்தடியில் அமர்ந்திருப்பர். அவ்வமைப்பைத் தழுவியே, ஆபிரகாம் வானதூதர்களை விருந்தோம்பும் காட்சியை 1656-இல் அச்சோவியமாக்கினார்.

1669-இல் ரெம்பிராண்ட் மறைந்தார். அவர் உடல் பெயர் பொறிக்கப்படாத கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. ஆயினும், அவர் வரைந்த முதியோரின் முகங்கள் உலக அருங்காட்சியகங்களில் இன்றும் காண்போரை நின்று நோக்கச் செய்கின்றன.

வினாக்கள்

1. செப்புத் தகட்டில் கோடுகள் எவ்வாறு பள்ளமாகின்றன?
2. 1656-ஆம் ஆண்டு ரெம்பிராண்டின் வாழ்வில் நிகழ்ந்தவை யாவை?
3. நீ அறிந்த முதியவர் ஒருவரின் முகத்தை ஐந்து தொடர்களில் வருணித்து எழுதுக.