போர் பறித்த ஆண்டுகளும் வோங் பெங் சூனும்

விளையாட்டாளர் ஒருவருக்கு இருபதுகளின் நடுப்பகுதிதான் பொற்காலம் என்பார்கள். அந்தப் பொற்காலம் முழுவதையும் ஒரு போர் விழுங்கிவிட்டால்? மலாயாவின் பூப்பந்து வீரர் வோங் பெங் சூனுக்கு அதுதான் நடந்தது.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஜொகூர் பாருவில் பிறந்தவர் அவர். சிங்கப்பூரில் ஆடிப் பெயர் பெற்றார். நளினமான கால் நகர்வும் வலுவான பேக்ஹேண்ட் அடியும் அவருடைய அடையாளம். 1940, 1941 என அடுத்தடுத்து இரண்டு முறை மலாயா ஒற்றையர் பட்டத்தை வென்றார். அடுத்த இலக்கு உலக அரங்கம்.

ஆனால், அந்த அரங்கம் ஏற்கெனவே மூடிக் கிடந்தது. நாடுகளுக்கிடையே ஆண்கள் குழுப் போட்டி ஒன்று வேண்டும் என்று அனைத்துலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் தாமஸ் 1939இல் முன்மொழிந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் வெடித்தது. தாமஸ் கிண்ணத் திட்டம் கிடப்புக்குப் போனது. பூப்பந்தின் மிகப் பழைய போட்டியான அகில இங்கிலாந்துப் போட்டியும் நின்றது.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அரிசிக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு தின்று மக்கள் உயிர் வாழ்ந்த மூன்றரை ஆண்டுகள் அவை. அந்தக் காலத்தில் கிண்ணத்தைப் பற்றி யார் நினைத்திருக்க முடியும்?

1945இல் போர் முடிந்தது. 1947இல் அகில இங்கிலாந்துப் போட்டி மீண்டும் தொடங்கியது. மலாயா வெற்றியாளர் போட்டியும் அதே ஆண்டு நடந்தது. பட்டத்தை வென்றவர் மறுபடியும் வோங் பெங் சூன்! 1941ஆம் ஆண்டு வெற்றிக்கும் இதற்கும் இடையே ஆறு ஆண்டுகள் ஓடியிருந்தன. அவருக்கு வயது முப்பதை எட்டியிருந்தது.

பத்து ஆண்டுகள் காத்திருந்த தாமஸ் கிண்ணத்துக்கும் வழி பிறந்தது. முதல் போட்டியில் பத்து நாடுகள் கலந்துகொண்டன. 1949 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் இறுதிச் சுற்று. மோதியவை மலாயாவும் டென்மார்க்கும். ஒரு நாடு ஜப்பானியரின் பிடியிலும் மற்றது ஜெர்மானியரின் பிடியிலும் சிக்கி மீண்டவை. அந்த இரு நாடுகளின் ஆட்டக்காரர்கள்தான் உலகின் முதல் தாமஸ் கிண்ணத்துக்காக வலையின் இரு பக்கமும் நின்றார்கள். மலாயா 8-1 என வென்றது. மெர்டேக்காவுக்கு இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. அவசரகாலம் அறிவிக்கப்பட்டு ஓராண்டுகூட ஆகவில்லை. சொந்தக் கொடி இல்லாத ஒரு நாடு உலக வெற்றியாளர் ஆனது.

அதன் பிறகுதான் வோங் பெங் சூனின் உச்சம் வந்தது. 1950இல் அகில இங்கிலாந்து ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் ஆனார். 1951, 1952 ஆண்டுகளிலும் பட்டம் அவருக்கே. 1952இலும் 1955இலும் மலாயா தாமஸ் கிண்ணத்தைத் தற்காத்தது. கிண்ணத்தை வைத்திருக்கும் நாட்டைத் தேடிச் சவால் விடுபவர் வர வேண்டும் என்பது அன்றைய முறை. அதனால் அந்த இரண்டு இறுதிச் சுற்றுகளும் சிங்கப்பூரிலேயே நடந்தன.

1955இல் அகில இங்கிலாந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அவரை எதிர்த்து நின்றவர், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் பட்டம் வென்றிருந்த பினாங்கு இளைஞர் எடி சூங். முப்பத்தேழு வயதைக் கடந்த வோங் பெங் சூன் மூன்று செட்களில் வென்று நான்காவது பட்டத்தைக் கைப்பற்றினார்! 1962இல் எம்பிஇ விருது பெற்ற அவர் 1996இல் காலமானார்.

போர் இல்லாதிருந்தால் எத்தனை பட்டங்கள் வென்றிருப்பாரோ? அந்தக் கணக்கை யாராலும் போட முடியாது. அவரும் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பெருந்தொற்றில் பள்ளி நாள்களை இழந்த தலைமுறை நாம். நம் இழப்பு அவருடையதோடு ஒப்பிடக்கூடியது அன்று. ஆனாலும், காலம் தாழ்ந்துவிட்டதே என்று தோன்றும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளலாம்: அவருடைய நான்கு அகில இங்கிலாந்துப் பட்டங்களும் முப்பது வயதுக்குப் பிறகு வந்தவை.